றம்லா டீச்சரின் வாழைப்பழ எண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் அரசாங்கத் தடையால் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றதோடு, குறிஞ்சாக்கேணி லாபிரின் சோடாக் கொம்பனிக்குக் கொழும்பிலிருந்து வந்த வாழைப்பழ எசன்ஸும் நின்றது. போத்தலில் வாழைப்பழப் படம் ஒட்டியிருக்கும். உள்ளே வெறும் சீனித் தண்ணீர். அவன் மனைவி றம்லா பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தாள். புருஷன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவதை அவளால் பார்க்க ஏலவில்லை.

“அந்த மணத்துக்கு வாழைப்பழம் தேவையில்ல மச்சான். ஒரு அல்கஹோலையும் ஒரு அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சினா எசுத்தர் வரும். அதுதான் வாழைப்பழ மணம்.”

லாபிருக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்தது. “அல்கஹோலா? எங்கட ஊட்டிலயா?”

“அது குடிக்கிற சாமான் இல்ல. அமிலத்தோட சேர்ந்தா அல்கஹோலாவும் இராது.”

அல்கஹோலுக்கு, கந்தளாயில் சாராயம் வடித்து மிஞ்சிய நாற்ற எண்ணெய் வந்தது. இறப்பர் பால் உறையவைக்கும் அசற்றிக் அமிலம் வந்தது. பற்றறிக் கடையில் வாங்கிய கந்தக அமிலத்தில் கொஞ்சம் விட்டு, குசினியில் சுடுநீர்ச் சட்டிக்குள் குடுவையை வைத்தாள் றம்லா. பிறகு அப்பச்சோடாக் கரைசலால் கழுவினாள். மேலே மிதந்த எண்ணெயை லாபிர் மோந்து பார்த்தான். கதலிக்குலை ஒன்று மூக்குக்குள் பழுத்தமாதிரி இருந்தது.

குடுவை, குழாய், நெருப்பு. ஊர் சும்மா இருக்குமா? லாபிர் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று கதை பரவ, பள்ளிவாசல் தலைவர் அபூதாஹிர் மரைக்கார் விசாரிக்க வந்தார்.

“மகள், ஊருக்குள்ள ஒரு கதை அடிபடுது.”

றம்லா சிறு போத்தலைத் திறந்து நீட்டினாள். மரைக்கார் அத்தர்ப் பிரியர். மோந்தார், கண்ணை மூடினார், மறுபடி மோந்தார். அவள் தடுக்குமுன் இரண்டு துளியைச் சால்வையில் தடவிக்கொண்டு, “இதுல ஒரு குத்தமும் இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிப் புறப்பட்டார்.

தோணித்துறை ஆலமரத்தில் தேன்கூடு ஒன்று தாழத் தொங்கியது. அவர் அதன் கீழே போன மாத்திரத்தில் தேனீக்கள் கிளம்பின. மரைக்கார் சால்வையை வீசினார். மணம் இன்னும் பரவியது. கடைசியில் தொப்பியோடு களப்பில் பாய்ந்தார். தோணிக்காரன்தான் இழுத்து ஏற்றினான்.

வீங்கிய மூக்குக்குச் சுண்ணாம்பு கொண்டுபோன றம்லா தலைகுனிந்து சொன்னாள்: “தேனீ கொட்டக்குள்ள இதே எசுத்தரைத்தான் விடும். மத்தத் தேனீக்கு அது சண்டைக்குக் கூப்பிடுற மணம்.”

மரைக்கார் சுண்ணாம்பை மூக்கில் தடவிக்கொண்டார். “அப்ப அவங்களுக்கு நான் எதிரியாத் தெரியல்ல. அடிபட்ட சொந்தக்காரனாத் தெரிஞ்சிருக்கன்.”

அதன்பின் தேனீக்குப் பயந்து, அந்த எண்ணெய் கலந்த சோடாவை ஒருவரும் வாயில் வைக்கவில்லை. ஆனால் சேதி கேட்டுத் திருகோணமலையிலிருந்து கிறிஸ்தோபர் வந்தார். கார்களுக்கு வர்ணம் அடிப்பவர். வர்ணம் இளக்கும் திரவம் கிடைக்காமல் பட்டறையைப் பூட்டி வைத்திருந்தார். றம்லாவின் எண்ணெயில் அவருடைய தடித்த வர்ணம் தேன்போல இளகி ஓடியது. இறக்குமதி திரும்பவும் தொடங்கும்வரை லாபிர் சோடாப் போத்தல்களில் அதையே நிரப்பி அனுப்பினான். வாழைப்பழப் படத்தை மட்டும் கிழித்துவிடும்படி றம்லா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.