நோர்ஜ்மா அக்காவின் குளிர்ப் பரீட்சை

வாக்கி-டாக்கி வாங்க வருகிறவர்களை நோர்ஜ்மா அக்கா இறைச்சிக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார், உயிரோடு வெளியே வருகிறவர்களுக்கு மட்டுமே விற்கிறார் என்று எங்கள் உலான்தொல்கோய் ஊரில் ஒரு வதந்தி. நான் முதலில் கேட்டபோது உள்ளே இருக்க வேண்டிய நேரம் இருபது நிமிடம். முடிவெட்டும் கடையில் அது ஒரு மணி நேரமாகியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் ஒரு முழு இரவு. போதாததற்கு ஒருவருக்கு மூக்கும் உதிர்ந்திருந்தது. ஊரில் இருக்கிற மூக்குகளை எல்லாம் நோட்டம் விட்டேன். ஒன்றும் குறையவில்லை. சரி, பத்திரிகைக்காரனான என் மூக்கையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று சந்தைக்குக் கிளம்பினேன்.

அக்காவின் கடை ஒரு பழைய கன்டெய்னர். அதன் தலையில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் ஆன்டெனா. இருபத்திரண்டு வருடம் தபால் நிலையத்துத் தொலைபேசிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். எவர் வீட்டில் யார் யாருடன் பேசவில்லை என்பது முதற்கொண்டு அவருக்குத் தெரியும். செல்போன் கோபுரம் வந்ததும் பலகைக்குப் பூட்டுப் போட்டார்கள். கோபுரத்தின் கை ஆறு கிலோமீட்டர்வரைதான் நீளும். அதைத் தாண்டி ஆடு மேய்க்கிறவர்கள் செல்போனைக் கம்பில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கன்டெய்னரை வாங்கிவிட்டார்.

"எத்தனை கிலோமீட்டர் எடுக்கும் அக்கா?" என்று எல்லாரையும் போல நானும் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பெட்டி மேல எழுதியிருக்கும், படிச்சுக்க. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. எங்க வெச்சுப்ப? யார் கையில இருக்கும்? கையுறை போட்டுக்கிட்டு அமுக்க வருமா?"

மூன்றிற்கும் விழித்தேன். அடுத்த நிமிடம் பக்கத்துக் கதவு திறந்தது. கொன்சிக் அண்ணனின் குளிர் அறை. நானூறு ஆடுகள் வரிசையாகத் தொங்குகின்றன.

"அக்கா, நீ கதவத் தொறக்குற ஒவ்வொரு தடவையும் என் ஆட்டுக்கெல்லாம் வேர்க்குது!" என்று கொன்சிக் கத்தினார்.

"செத்து ஒரு மாசமான ஆட்டுக்கு என்னடா வேர்வை? தள்ளு."

ஆக, வதந்தி உண்மை. நேரம் மட்டும் இருபது நிமிடம்தான், பூட்டும் கிடையாது. அக்கா வாக்கி-டாக்கியை என் கையில் கொடுத்தார். நாலு பேட்டரிகளை என் தீலுக்குள், நெஞ்சோடு ஒட்டிப் போடச் சொன்னார். தீல் என்பது எங்கள் நீள அங்கி. இடுப்புக் கச்சைக்கு மேலே நெஞ்சுப் பக்கம் ஓர் ஆட்டுக்குட்டியே படுக்கலாம். இன்னும் நாலு பேட்டரிகளை இரும்புத் தட்டில் வைத்தார். இருபது நிமிடம் கழித்துத் தட்டில் இருந்ததைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. நெஞ்சில் இருந்ததைப் போட்டேன், ஊரே பேசியது! பல் தந்தியடிக்க, ஆட்டுத்தோல் கையுறையோடு பொத்தானை அமுக்கி, "குளிர் அறையிலிருந்து பேசறேன்" என்றேன்.

"அறையிலிருந்துன்னுதான் கேட்டுது," என்றார் அக்கா. "எந்த அறைன்னு தெரியாம உன்னை எங்கடா தேடுறது? அமுக்கு, ஒரு மூச்சு விடு, அப்புறம் பேசு. எல்லாப் பயலும் அமுக்குறதும் கத்துறதும் ஒண்ணாப் பண்ணி, முதல் வார்த்தைய முழுங்கிடுறானுங்க. முதல் வார்த்தையிலதான் ஊர் பேரச் சொல்லுவானுங்க."

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் அக்காவின் மகள் உந்த்ரலும் மாப்பிள்ளை தோர்லிக்கும் லாரியில் வந்து இறங்கினார்கள். உந்த்ரலுக்கு எட்டு மாதம். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குப் போகிறார்கள். ஒன்றரை நாள் வழி. குழந்தை பிறக்கும் முன் அவளை ஊருக்குக் கூட்டிவந்துவிடுவதாகத் தோர்லிக் சத்தியம் செய்திருந்தான். அக்காவின் முகத்தில் அன்று வேறு எந்தக் கணக்கும் இல்லை: நடுவழியில் வலி எடுத்தால் மகளின் குரல் யார் காதில் விழும்?

"அம்மா, கவலைய விடுங்க," என்று தோர்லிக் நெஞ்சை நிமிர்த்தினான். "சாட்டிலைட் போன் வாங்கிட்டேன். நிலாவுலருந்துகூட பேசலாம்."

"நிலாவுல உனக்கு ஆடு இருக்கா? எங்க வெச்சிருக்க?"

"கூடாரத்துல உசந்த இடத்துல. வடக்குப் பக்கம், குடும்பப் பெட்டியில. நீலப் பட்டுல சுத்தி, அப்பா போட்டோவுக்குக் கீழ."

"மாப்பிள்ளை, அது போனா, சாமியா?"

"விலை கொடுத்த பொருளம்மா! மரியாதையா வெக்க வேணாமா?"

அக்கா ஒரு வாக்கி-டாக்கியை எடுத்தார், கயிறு கோத்தார், உந்த்ரலின் கழுத்தில் மாட்டி தீலுக்குள் விட்டார். "தூங்கும்போதும் கழட்டாத. பேசணும்னா மாப்பிள்ளைய மலை மேல ஏறிப் பேசச் சொல்லு."

"அம்மா, உள்ள ஏற்கனவே ஒருத்தர் உதைச்சுக்கிட்டிருக்கார். இன்னொரு ஆளா?" என்றாள் உந்த்ரல்.

தோர்லிக் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "அண்ணே, இதையும் பத்திரிகையில எழுதுங்க. ஆகாயத்துல வழி இருக்கு, எங்க மாமியார் மலை மலையா ஏறச் சொல்றாங்கன்னு."

எழுதத்தான் நினைத்திருந்தேன். தலைப்புகூடத் தயார்.

மறுநாள் பிற்பகல், அந்தத் தலைப்புக்கு ஏற்ற ஒரு கிண்டலைத் தேடிக்கொண்டு மீண்டும் கடைக்குப் போனேன். தேநீரில் உப்புப் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கை பாதியில் நின்றது. கடையின் வானொலிப் பெட்டியில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சு. ஒருவன் ஓடி வந்து இரைக்கிற மூச்சு. அப்புறம் தெளிவாக, முதல் வார்த்தையோடு:

"நரீன் ஆத்துத் துறை! நரீன் ஆத்துத் துறை! அம்மா, லாரி பனிக்கட்டிய உடைச்சுக்கிட்டு இறங்கிடுச்சு! உந்த்ரலுக்கு வலி!"

"எங்கருந்துடா பேசுற?"

"மேல, மலை உச்சியில, சாமிக் கல் குவியல்கிட்ட. மூணு சுத்து சுத்திட்டுத்தான்..."

"சாமியச் சுத்துறதுக்கு இதுதான் நேரமா? போன் எங்க?"

அவன் பதில் சொல்லும் முன்பே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குடிபெயரும்போது எங்கள் ஆட்கள் லாரியில் முதலில் ஏற்றுவது என்ன? குடும்பப் பெட்டி. உயர்ந்த பொருள், உடையக் கூடாது, ஆகவே அடியில். அதன் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் மரச்சட்டங்கள், சட்டத்தின் மேல் கம்பளிச் சுருள்கள், எல்லாவற்றுக்கும் மேலே கட்டில். நிலாவோடு பேசக்கூடிய போன் ஒரு முழு வீட்டுக்கு அடியில், நீலப் பட்டுக்குள், ஆற்றுத் தண்ணீரில்!

"அடியில, அம்மா," என்றான் தோர்லிக்.

அக்கா திட்டவில்லை. அமுக்கினார், ஒரு மூச்சு விட்டார், பேசினார்: "நரீன் துறைக்குக் கிட்ட யார் இருக்கீங்க?"

இந்த அலைவரிசையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. மாமியார் மருமகள் சண்டை முதல் வயிற்றுப்போக்கு வரை ஊருக்கே கேட்கும். அதைக் கேலி செய்து நான் இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் அப்போது ஒரே சமயத்தில் ஏழு குரல்கள் எழுந்தன! நான் குதிரையில வரேன் என்றது ஒன்று. என்கிட்ட இழுவைக் கயிறு இருக்கு என்றது இன்னொன்று. மூன்றாவது ஒரு கிழவி, வெந்நீர் போடவா என்று அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முரட்டுக் குரல்:

"எல்லாரும் வாய மூடுங்க! கொன்சிக் பேசறேன். ஆடு எடுக்க வந்தேன், அடுத்த பள்ளத்தாக்கு மேட்டுலதான் இருக்கேன். அரை மணி நேரம். அக்கா, பொண்ண முன் சீட்டுல உக்கார வெச்சுக்கறேன், பின்னால இல்ல. பின்னால ஆடு."

"வேர்க்காமப் பாத்துக்கடா," என்றார் அக்கா.

கொன்சிக் சொன்னது அரை மணி. துறைக்கு வந்தது இருபத்தைந்து நிமிடத்தில். மேடு வந்தபோதெல்லாம் உந்த்ரலே பேசிக்கொண்டு வந்தாள்; அலைவரிசை முழுக்க மூச்சைப் பிடித்துக் கேட்டது. மருத்துவமனை வாசலில் வண்டி நிற்கும்போது இருட்டவில்லை. ஆறு மணிக்குப் பெண் குழந்தை. மருத்துவமனைக்கு ஓடிய அக்கா, அழுகையை வாக்கி-டாக்கியில் எல்லாருக்கும் கேட்கவிட்டார். பனிமலை முகடுகளில் எத்தனை பேர் தொப்பியை எறிந்தார்களோ, தெரியாது. நான் எறிந்தேன்.

மூன்றாம் நாள் தோர்லிக் கடைக்கு வந்து, பட்டோடு நனைந்த போனை மேசையில் வைத்தான். அது இன்னும் வேலை செய்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல போன்தான் மாப்பிள்ளை. குறை சொல்ல மாட்டேன். மலை மறைக்கிற எடத்துல என் பெட்டி ஊமை, இது பேசும். ரெண்டும் வேணும். ஆனா வெச்ச எடம்தான்..." என்றபடி ஒரு கயிற்றை எடுத்துக் கோத்து, அவன் கழுத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு தோர்லிக்கின் மேய்ச்சல் குழுவில் இருக்கும் பதினோரு குடும்பத்தாரும் வரிசையில் வந்து குளிர் அறைக்குள் போனார்கள். இந்தத் தடவை கொன்சிக் தானே கதவைத் திறந்துவிட்டார்.

நான் தயாரித்த தலைப்பைக் கிழித்துவிட்டேன். ஆனால் ஒரு விஷயம் தீரவில்லை. அன்று என் நெஞ்சில் சூடேறிய அந்த நாலு பேட்டரிகளைத் திருப்பித் தர மறந்து, தோர்லிக் சொன்ன கதையைப் பதிய என் ஒலிப்பதிவுக் கருவியில் போட்டுவிட்டேன். புதிதாக நாலு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா வாங்கவில்லை.

"இது யாரு? எந்தக் குளிர்ல நின்னுச்சு? என்னோடது பரீட்சையில தேறினது. அதக் கொண்டா."

பரீட்சையில் தேறியதென்றால் எனக்கும் அதுதான் வேண்டும். ஆகவே கழற்றவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு, வானிலை சொல்லி முடித்ததும், ஒரு மூச்சு விட்டுவிட்டு, மலையெல்லாம் கேட்க அக்கா கேட்கிறார்: "பத்திரிகைக்காரத் தம்பி, என் நாலு பேட்டரி எங்க?"