வெள்ளைச் சாமந்திக்கு நடுவே ஒரு பெயர்

கொரியாவில், எங்கள் கங்னுங் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோனால், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாக அதைத் தெரிந்துகொள்பவள் ஹா யோன்சில்தான். சவக்கூடத்து வாசலுக்கு நேர் எதிரே அவளுடைய பூக்கடை. அவள் கட்டும் மலர்வளையம் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம், அதில் மூன்று அடுக்காக வெள்ளைச் சாமந்தி, இருபுறமும் தொங்கும் நீள ரிப்பன்கள். வலது ரிப்பனில் இரங்கல் வாசகம், இடது ரிப்பனில் அனுப்பியவர் பெயர். ரிப்பனில் எழுத்து அடிக்க இப்போது மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் பொத்தானை அழுத்தும் முன் வாசகத்தை ஒருமுறை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்துவிடுவாள். ஓர் எழுத்து பிசகினாலும், அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்கு அது அவமரியாதை.

பகலெல்லாம் அப்படி மெல்லப் பேசுகிறவள், சாயங்காலம் பேஸ்பால் ஸ்டேடியத்துக்குள் கால் வைத்தால் வேறு பிறவி. முதல் பேஸ் பக்கம், வலையை ஒட்டிய வரிசை, நூரி நீர்நாய்கள் அணியின் பச்சைச் சட்டை. எதிரணி பிட்ச்சர் மூக்கைச் சொறிந்தால்கூட அவளிடமிருந்து ஒரு வசவு கிடைக்கும். பக்கத்து இருக்கை டயர் கடை பியோன் தல்சுவுக்கு. அவளைவிடச் சின்னவன். வாய் மட்டும் பெரியது. பல வருடங்களாக இருவரும் ஒரே பொட்டலத்தில் பொரித்த கோழி தின்று, ஒரே ஆளைத் திட்டிப் பழகியவர்கள்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்ல வேண்டும். கணவாய் மீன் பிடிக்கும் படகில் போன புருஷன் திரும்பி வராத வருடம், பத்து வயது மகன் சங்வூ பேசுவதையே நிறுத்திவிட்டான். டாக்டர்கள் பார்த்தார்கள், சாமியாடும் பெண் வந்து மணி அடித்துப் பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. ஒரு சாயங்காலம் எங்கே போவதென்று தெரியாமல் பையனை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனாள். நீர்நாய்கள் அடித்த பந்து ஒன்று விளக்குக் கம்பத்தையும் தாண்டிப் பறந்தது. பையன் அவள் கையைப் பிடித்து உலுக்கி, "அம்மா, பாத்தியா!" என்றான்.

அந்தக் குரலுக்காக அவள் அந்த அணிக்கு ஆயுள் அடிமையானாள்.

சங்வூ வளர்ந்து, சியோலில் புள்ளியியல் படித்து, அதே அணியின் அலுவலகத்தில் சேர்ந்தான். முப்பத்து நான்கு வயதில் வியூகப் பிரிவுத் தலைவன். யோன்சில் இதை ஸ்டேடியத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நிர்வாகத்தைக் கரித்துக் கொட்டும்போது, என் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரைக் கடைசிவரை வைத்திருக்கிற ஊர் எங்களுடையது. ஹா யோன்சிலையும் தக் சங்வூவையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நிம்மதிக்கு இந்த ஜனவரியில் உலை வைத்தார்கள்.

நம்குங் ஹோ என்றால் எங்கள் ஊரில் குழந்தைகூடக் கை தட்டும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து, பதினெட்டு வருடம் இந்த அணிக்கு மட்டுமே, பிட்ச்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராக மண்டி போட்டவன். டிசம்பரில் ரசிகர் கூட்டத்தில் பொது மேலாளர் நெஞ்சில் கை வைத்து, "நம்குங் எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கும் போகமாட்டார்" என்றார். புத்தாண்டு சூப் செரிப்பதற்குள் அவனைச் சியோல் அணி ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு இரண்டு பையன்களை வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்த நாளில் பொது மேலாளருக்குத் திடீரென்று உடம்பு சரியில்லை. மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது சங்வூ. "உணர்ச்சியை வைத்து அணி நடத்த முடியாது" என்றான். அந்த ஒரு வாக்கியம் நாடு முழுக்கப் பரவியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போல வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"நம்குங்க அனுப்பிட்டு வந்து என் வீட்ல சோறு கேக்குறியா?"

"அம்மா, அவருக்கு முட்டி போயிடுச்சு. இன்னும் ஒரு வருஷம் தாங்காது. நான் உள்ளதைத்தான் சொன்னேன்."

"எனக்கும்தான் முட்டி போயிடுச்சு. என்னையும் எங்கயாவது அனுப்பிடு. பதிலுக்கு ரெண்டு சின்ன வயசு அம்மாவா வாங்கிக்க."

"விளையாடாதம்மா."

"டிசம்பர்ல நெஞ்சுல கை வச்சது யாரு? அந்தப் பெரிய மனுஷன் ஒளிஞ்சுக்கிட்டா நீ ஏன்டா போய் நிக்கிற? அவரு வாங்க வேண்டிய கல்லடிய எல்லாம் நீ வாங்கப் போற."

சங்வூ கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனான். தோஃபு குழம்பு அப்படியே ஆறிப்போனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ரசிகையின் ரோஷம் தாயின் வாயை அடைத்துவிட்டது.

வசந்தம் வந்தது, கூடவே தோல்விகளும். டிக்கெட் விலையை மட்டும் ஏற்றினார்கள். சங்வூவின் காரில் யாரோ முட்டை வீசினார்கள். ரசிகர்கள் எழுதும் பக்கத்தில் ஒருவன், "அந்தத் தக் சங்வூ எங்கே குடியிருக்கிறான், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்ததை யோன்சில் தன் போனில் படித்தாள். அன்று முதல் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைக்கு எதிரே ஆம்புலன்ஸ் நுழையும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடும். அதிலிருந்து இறக்கப்படுகிறவரின் முகம் தெரிகிறவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தல்சு கடைக்குள் புயலாக நுழைந்தான்.

"அக்கா! நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னாடி முப்பது மலர்வளையம் வேணும். ஆபீஸ் வாசல்ல வரிசையா நிறுத்தப் போறோம். ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து போட்ட காசு. செத்துப்போன நிர்வாகத்துக்கு முறையா காரியம் பண்ண வேணாமா?"

யோன்சிலுக்கும் சிரிப்பு வந்தது. ரசிகர்கள் கோபத்தைக் காட்ட இப்படி மலர்வளையம் வைப்பது புதிதில்லை. அவள் கையால் கட்டியது போகப் போகிறது என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"வாசகம் சொல்லு."

தல்சு போனைப் பார்த்துப் படித்தான். "'நிர்வாகத்துக்கு மூளை இருந்ததாகக் கேள்வி. ஆழ்ந்த இரங்கல்.' இது எப்படி? 'டிக்கெட் விலை மட்டும் உயிரோடு இருக்கிறது.' இது மீன் மார்க்கெட்காரங்க எழுதினது. 'மேலாளரே, உடம்பு தேவலையா?'"

"அது நல்லாயிருக்குடா," என்று சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி ஒண்ணு. நடுவுல நிக்கப் போறது. பூ நெறய வைங்க. 'வியூகப் பிரிவுத் தலைவர் தக் சங்வூ. ஆன்மா சாந்தியடையட்டும்.'"

அவள் கையிலிருந்த கத்தரி தரையில் விழுந்தது.

"பேரு எதுக்குடா? செத்தவங்க மாலையிலகூட நாம செத்தவங்க பேரப் போடறதில்ல. உயிரோட இருக்கிறவன் பேர வெள்ளைப் பூவுல…"

"எழுதினா என்ன? உணர்ச்சிக்கு இடமில்லன்னு சொன்னவன்தானே. அவனுக்கா வலிக்கப் போகுது?"

"அவனுக்கும் பெத்தவ ஒருத்தி இருப்பா."

"இருந்தா வளக்கத் தெரியல அவளுக்கு," என்றான் தல்சு, சிரித்துக்கொண்டே. "காலைல வண்டியோட வந்துடுங்க அக்கா."

அவன் போய் வெகுநேரம் வரை அவள் கீழே விழுந்த கத்தரியை எடுக்கவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு கடையில் அடித்துக்கொள்வான். ஏன் என்று கேட்பான். சொல்லிவிட்டால், அந்த வலையோரத்து இருக்கை, அந்தக் கூச்சல், புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்திய அந்தக் கூட்டம், எல்லாம் நாளையோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால், தன் கையால் தன் பிள்ளைக்கு இரங்கல் எழுத வேண்டும்.

மகனுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"என்னம்மா?"

நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல். இளைத்திருந்தது.

"நாளைக்கு நீ ஆபீசுக்குப் போகாத."

"நாளைக்குத்தாம்மா போகணும். ரசிகருங்க ஏதோ கொண்டு வராங்களாம். யாராவது வெளியே வந்து வாங்கிக்கணும். பெரியவங்க யாரும் வரமாட்டாங்க."

"அதனால நீயா?"

"வேற யாரு? என் மூஞ்சிதானே எல்லாருக்கும் தெரியும்." சற்று நின்றான். "நீ வருவியாம்மா?"

"வருவேன்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ரிப்பன் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு வாசகத்தையும் மெல்லப் படித்துப் பொத்தானை அழுத்தினாள். கடைசி வாசகத்துக்கு வந்தாள். "வியூகப் பிரிவுத் தலைவர்" வரை படித்தாள். "தக்" என்றாள். கணவனின் குடும்பப் பெயர். அதற்குப் பிறகு நாக்கு எழவில்லை. சவக்கூடத்து வாசலில் யாரோ ஒரு பெண் கதறிக்கொண்டிருந்தாள். திரையில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வெள்ளைச் சாமந்திகளைத் தள்ளி வைத்துவிட்டு, யாரோ ஒருவருடைய கடைத் திறப்பு விழா ஆர்டருக்காக வந்திருந்த சிவப்பும் மஞ்சளுமான பூக்களை வாளியோடு இழுத்துக்கொண்டாள்.

ஸ்டேடியத்து அலுவலக வாசலில் நூற்றுக்கணக்கான பச்சைச் சட்டைகள். மலர்வளையங்கள் படிக்கட்டின் இருபுறமும் வரிசையாக நின்றன. நடுவே ஒன்று மட்டும் பிளாஸ்டிக் உறை போர்த்தி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள் யோன்சில்.

"என்னக்கா, நம்ம கதாநாயகனுக்குத் திரை போட்டு வச்சிருக்கீங்க?" என்று தல்சு வந்து உறையை உருவினான்.

சிவப்பு, மஞ்சள். கூட்டம் முணுமுணுத்தது. "கல்யாண மாலையா இது?" என்றது ஒரு குரல். தல்சு குழம்பிப்போய் வலது ரிப்பனை உரக்கப் படித்தான்.

"'சங்வூ, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நம்குங்கை அனுப்பியது தப்புதான்.'"

பிறகு இடது ரிப்பனைப் பிடித்துத் திருப்பினான். அதை அவனால் உரக்கப் படிக்க முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. *அம்மா, ஹா யோன்சில்.*

"அக்கா…" என்றான். "உங்க… இத்தன வருஷமா பக்கத்துலயே…"

"ஆமாண்டா. வளக்கத் தெரியாதவ நான்தான்."

தல்சுவின் முகம் டயர் ரப்பர் போலக் கறுத்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். ஸ்டேடியத்தில் அப்படிக் கத்துகிறவளுக்கு இப்போது குரல் உடைந்தது.

"திட்டுங்க. நானும் திட்டறேன். தினமும் வீட்ல போட்டோவப் பாத்துத் திட்டறேன். ஆனா செத்துட்டான்னு எழுதச் சொல்லாதீங்க. எங்க வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் கடலுக்குப் போயி, எழுதறதுக்கு உடம்புகூடக் கெடைக்கல."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. சங்வூ வெளியே வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது. படிகளில் இறங்கி, வெள்ளைப் பூக்களின் ரிப்பன்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடுவே வந்தான். நின்றான். இரண்டு ரிப்பன்களையும் படித்தான். தாயைப் பார்த்தான்.

பிறகு கூட்டத்தை நோக்கி இடுப்பை வளைத்துக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

"டிசம்பர்ல உங்ககிட்ட பொய் சொன்னோம்," என்றான் தரையைப் பார்த்தபடியே. "அனுப்பினது சரின்னு இப்பவும் நெனக்கிறேன். பொய் சொன்னது தப்பு."

"அனுப்பினதும் தப்புடா!" என்று பின்னால் ஒரு பாட்டன் கத்தினார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று தளர்ந்தது. சிலர் விடாமல் திட்டினார்கள், சிலர் கலைந்து ஸ்டேடியத்துக்குள் போனார்கள்.

சங்வூ நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ஞாயித்துக்கிழமையும் ஆட்டம் இருக்கும்மா," என்றான் மெல்ல.

"ஆட்டம் முடிஞ்சு வா. எனக்கு மட்டும் ஆட்டம் இல்லையா?"

அவன் தலையை ஆட்டினான். அந்த வண்ண மலர்வளையத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

யோன்சில் தன் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலி. முதல் இன்னிங்ஸ் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படியே எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். பச்சைச் சட்டையின் நுனியைக் கசக்கிக் கசக்கி விரல் வலித்தது.

நான்காவது இன்னிங்ஸில் கோழி வாசனை வந்தது. தல்சு. பொட்டலத்தை இருவருக்கும் நடுவே வைத்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நேத்து ஒரு வார்த்த சொல்லிட்டேன்," என்றான் மைதானத்தைப் பார்த்து.

"சொன்ன."

"சாப்பிடுங்க. ஆறிடும்."

அவள் ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரம், நம்குங்குக்குப் பதிலாக வந்த புதுக் கேட்ச்சர் பையன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டான். பந்து அவன் கால் இடுக்கில் ஓடியது. எதிரணி ஒரு ரன் எடுத்தது. யோன்சில் கோழித் துண்டோடு எழுந்து நின்றாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, உச்சியில் நிர்வாகத்தார் உட்காரும் கண்ணாடி அறையைப் பார்த்துத் திரும்பினாள். காலையில் மெஷினுக்கு முன்னால் நாக்கில் எழாத அந்தப் பெயர் இப்போது அடிவயிற்றிலிருந்து கிளம்பியது.

"டேய் சங்வூ! பாத்தியாடா!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலில் மீன் மார்க்கெட்காரர்கள் எழுந்தார்கள். "பாத்தியாடா சங்வூ!" பிறகு அடுத்த வரிசை. தல்சு வாயிலிருந்த கோழியை அவசரமாக விழுங்கிவிட்டு அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, மெதுவா. பையனுக்கு வேல போயிடப் போகுது."

"போகட்டும்," என்றாள் யோன்சில், கண்ணாடி அறையிலிருந்து பார்வையை எடுக்காமல். "கடையில மலர்வளையம் தூக்க ஆள் வேணும்."