தண்ணீர் போகிற பக்கம்

பிரான்ஸ் தேசத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஆற்றில் சொகுசுக் கப்பல் விடுகிற கம்பெனிக்காக நான் வேலை பார்த்திருக்கிறேன். இப்படிச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு மரியாதை வரும். அது நன்றாக வந்து உட்கார்ந்த பிறகுதான் மீதியைச் சொல்வேன்: கப்பல் அங்கே, நான் பெங்களூர் வைட்ஃபீல்டில்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். பெங்களூரில் இருந்த பி.காம். பட்டதாரிகள் பாதிப் பேர் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் போகிற இங்கிலாந்துக்காரர்கள் ஏதாவது குறை என்று போன் செய்தால், அது கடல்களைத் தாண்டி வந்து என் காதில் விழும். தலையணை உயரம், சூப்பின் சூடு, பக்கத்து அறைக்காரரின் குறட்டை எல்லாமே என் பொறுப்பு.

முதல் நாளிலிருந்தே எனக்கு அந்த வேலையில் பயம். அங்கே போன் மணி அடிக்காது. காதுக்குள் பீப் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். எடுக்கலாமா, பாத்ரூம் பக்கம் ஓடலாமா என்று யோசிக்க இடமே இல்லை. பீப் கேட்டதும் என் வயிறு லிஃப்ட் மாதிரி கீழே இறங்கும். ஒருநாள் ஏ.டி.எம். மெஷின் பீப் அடித்தபோது நான் அதற்கு 'குட் ஆஃப்டர்நூன்' சொல்ல, வரிசையில் நின்ற எல்லோரும் என்னை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

இதில் இன்னொரு விசேஷம், எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. வளர்ந்தது பெங்களூரில் ரயில் பாதையை ஒட்டிய ஒக்கலிபுரத்தில். ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று தூக்கத்திலேயே சொல்வேன். ஆறு என்றால் எனக்குத் தெரிந்தது ராஜகால்வாய் என்கிற ஊர்ச் சாக்கடை ஒன்றுதான். மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் நாறும். நீச்சல் தெரியாது. ஒயினை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "கறுப்புத் திராட்சை வாசனை முதலில் வரும், பின்னாலேயே மழையில் நனைந்த மண் வாசனை வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். மழையில் நனைந்த மண்ணை மட்டும் நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர், அதற்குத் தகுந்த உச்சரிப்பு. எங்கிருந்து பேசுகிறோம் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போகும் என்று டீம் லீடர் சொல்லியிருந்தார். அவர் மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், தமிழும் சரளம், யாராக இருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார். யார் பேசிக்கொண்டிருந்தாலும் தன் ஹெட்ஃபோனைச் சொருகி நடுவில் நுழைந்து கேட்பார். அது அவர் உத்தியோகம். அவர் கேட்கிறாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. கடவுள் விஷயத்திலும் எனக்கு அதே பிரச்சினைதான், ஆனால் கடவுள் மாதக் கடைசியில் மார்க் போடுவதில்லை.

அன்றைக்கு எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்கு மத்தியானம். பீப் வந்தது. ஒரு வயதான அம்மா. பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் ஞாபகத்தில் அது எப்படியோ ஒக்கலிபுரத்துத் தமிழாக இறங்கிவிட்டது. அப்படியே தருகிறேன்.

"என் வீட்டுக்காரரைக் காணோம்ப்பா."

வயிற்றில் லிஃப்ட் இறங்கியது. அன்றைக்குத் தரைத்தளத்தில் நிற்கவில்லை.

விஷயம் இது. காலையில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, ஆற்றங்கரையிலேயே கொஞ்ச தூரத்தில் இருந்த ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, கப்பல் அறையிலேயே தங்கிவிட்டார். கணவருக்கு பஸ் என்றால் குமட்டல், திரும்பும்போது நடந்தே வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவர். பஸ் வந்துவிட்டது, அவர் வரவில்லை. கப்பல்காரர்கள் ஓர் ஆளை அனுப்பினார்கள். அவன் கப்பலிலிருந்து தோட்டம் வரைக்கும் கரையோரமாகப் போய்ப் பார்த்துவிட்டு, வழியில் யாருமே இல்லை என்று வந்து நின்றான். கப்பலோ கிளம்பியாக வேண்டும். அந்த ஆற்றில் தண்ணீரின் நேரம் பார்த்துத்தான் கப்பல் விடுவார்களாம்.

"நெஞ்சு மாத்திரை என் கைப்பையில இருக்கு. மத்தியானம் போட்டுக்க வேண்டியது. அவருக்குத் திசையே தெரியாதுப்பா. கரையை விடாதீங்க, தண்ணி போற பக்கமா நடங்க, கப்பல் வந்துடும்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

வழியில் இல்லை. வழிக்கு ஒரு பக்கம் தோட்டம், இன்னொரு பக்கம் ஆறு. அங்கே ஓசியில் கொடுக்கிற ஒயினை அந்த மனிதர் எத்தனை கிளாஸ் குடித்தாரோ! தண்ணீரில் ஒரு தொப்பி மட்டும் மிதப்பதுபோல என் கண்ணுக்குத் தெரிந்தது.

"ரிசப்ஷன்ல சொன்னீங்களாம்மா?"

"அந்த போனை எடுக்க மாட்டேங்குறாங்க. படியிறங்க முழங்கால் விடலை. கார்டுல உன் நம்பர் இருந்துச்சு. இன்னொண்ணு கேளு. ஆறு திரும்பிடுச்சுப்பா."

"என்னதும்மா?"

"காலையில அந்தப் பக்கம் போச்சு. இப்ப இந்தப் பக்கம் போகுது. ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு கட்டை மிதந்து மேல ஏறிப் போகுது."

புருஷன் தண்ணீரில், பெண்டாட்டிக்குப் புத்தி கலங்கிவிட்டது, இரண்டும் என் ஷிஃப்டில். வயதானவர்கள் குழம்பிப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் ஒரு பாடமே உண்டு. குரலைத் தாழ்த்தினேன்.

"முதல்ல உட்காருங்கம்மா. ஒரு டம்ளர் தண்ணி குடிங்க."

"தண்ணியைப் பத்தித்தான்டா சொல்லிட்டிருக்கேன்!"

அவரை ஹோல்டில் போட்டேன். அந்தப் பக்கம் பியானோ வாசிக்கும். புருஷனைத் தொலைத்தவருக்கு பியானோ.

டீம் லீடர் எழுந்து வந்தார். "ஏன் குரு, மூஞ்சி இட்லி மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

"சார், ஒரு பெரியவர் காணாமப் போயிட்டார். அந்தம்மாவுக்கு வேற ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆறு ரிவர்ஸ்ல போகுதுங்கறாங்க."

"கப்பலுக்குச் சொல்லிட்டு லைனை விடு. ஆளைத் தேடறது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

பக்கத்து சீட்டுப் பெண் ஹெட்ஃபோனைக் கழுத்தில் இறக்கினாள். கடலூர்க்காரி. என்னைவிட ஒரு மாசம் சீனியர், அதனால் எனக்கு அக்கா மாதிரி நடந்துகொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவள்.

"டேய், அந்த ஆறு கடல் பக்கமா இருக்கு?"

"ஆமா. கொஞ்ச தூரத்துல கடல்ல போய்ச் சேருது. போஸ்டர்ல போட்டிருக்கே."

"அப்ப திரும்பத்தான்டா செய்யும். எங்க ஊர் உப்பனாறு தினம் திரும்புது. கடல் ஏறுச்சுன்னா ஆத்துத் தண்ணி பின்னாடி ஓடி வரும், இறங்குச்சுன்னா மறுபடி கடலுக்குப் போவும். அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க. உனக்குத்தான் ஏதோ ஆயிருக்கு. நீயெல்லாம் ஆத்துக் கப்பலுக்குப் பதில் சொல்ற!"

எனக்கு அது சினிமாவில் வருவதுபோலப் பளிச்சென்று புரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணி போற பக்கமா நடங்க. அவர் தோட்டத்திலிருந்து வெளியே வருகிறார். ஆற்றைப் பார்க்கிறார். தண்ணீர் கப்பல் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவி சொன்னதைத் தட்டாத மனிதர், அதோடு சேர்ந்து நடக்க ஆரம்பிக்கிறார். தேடப் போனவன் தோட்டத்தோடு திரும்பிவிட்டான். இவர் தோட்டத்தையும் தாண்டி, மாத்திரை இல்லாத நெஞ்சோடு, கப்பலுக்குத்தான் போகிறோம் என்று தைரியமாக விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்.

அந்த அம்மா என்னிடம் சொல்ல வந்ததே அதைத்தான். நான் டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

கப்பல் ரிசப்ஷனுக்கு எங்களிடம் தனி லைன் ஒன்று இருந்தது. எடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். என்னுடைய இங்கிலாந்து உச்சரிப்பு அவருக்கு ஒருநாளும் புரிந்ததில்லை, எப்போதும் மூன்று தடவை 'பார்டன்' கேட்பார். அன்றைக்கு அவசரத்தில் உச்சரிப்பெல்லாம் உதிர்ந்து, ரேஷன் கடை க்யூவில் கத்துகிற இங்கிலீஷ்தான் மிச்சம் இருந்தது.

"சார், அதர் சைடு! கார்டன் தாண்டி அதர் சைடு, சார்! வாட்டர் கோயிங், மேன் கோயிங்!"

பிறகு அவர் பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் ஒயின் பெயர்கள். இது ஒயின் இல்லை என்று மட்டும் தெரிந்தது. உடனே வேன் அனுப்புவதாகச் சொன்னார்.

"கப்பல் நிக்குமா சார்?"

"கேப்டன் பொறுப்பார். ஆறு பொறுக்காது."

பியானோவை நிறுத்தி அம்மாவிடம் சொன்னேன். நீங்கள் சொன்னது சரிதான், வேன் போயிருக்கிறது என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் அப்படிச் சொல்லி அனுப்பாம இருந்திருந்தா பேசாம பஸ்லயே வந்திருப்பார்" என்றார். பிறகு, "நீ எங்கப்பா இருக்கே, கரையிலயா? உன் ஜன்னல்ல கொஞ்சம் எட்டிப் பாரேன். சாம்பல் கலர் தொப்பி போட்டிருப்பார்."

டீம் லீடர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஹெட்ஃபோன் சொருகியிருந்தது.

நான் பைத்தியக்காரன் மாதிரி எழுந்து ஜன்னல் பக்கம் பார்த்தேன். கீழே ஒரு தண்ணீர் லாரி, ஒழுகிக்கொண்டு, ட்ராஃபிக்கில் நின்றது. சாம்பல் கலர் தொப்பி இல்லை.

"தெரியலை ஆன்ட்டி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நம் ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்று பயிற்சியில் தலைகீழாகத் தொங்கவிட்டு மறக்கடித்த வார்த்தை. பின்னால் இருந்தவரைத் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"எங்க தெருமுனையில இருக்கிற இந்தியக் கடைப் பசங்கதான் என்னை அப்படிக் கூப்பிடுவாங்க" என்றார் அம்மா மெதுவாக. "நீ ரொம்ப தூரத்துல இருக்கே, இல்லையா?"

டீம் லீடரின் கை என் தோளில் விழுந்தது. வேலை போயிற்று என்று நினைத்தேன். அந்தக் கை அங்கேயே இருந்தது. "ஹேளு குரு, சொல்லிடு" என்றார் காதோரம்.

"ஆமா ஆன்ட்டி. ரொம்ப தூரம்."

"சரி. பரவாயில்லை. வெச்சுடாதே."

வைக்கவில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் லைன் திறந்தே கிடந்தது. கடலூர்க்காரி தன் லைனையே நிறுத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பி, என் ஹெட்ஃபோனோடு காதை ஒட்டிக்கொண்டாள். திடீரென்று அந்தப் பக்கம் ஓர் உறுமல்.

"தரை அதிருதுப்பா. கிளப்பறாங்களா?"

கதவு தட்டும் சத்தம். அவர் ரிசீவரைக் கட்டிலில் போட்டது 'பொத்' என்று கேட்டது. கதவு திறந்தது. ஓர் ஆண் குரல் பிரெஞ்சு கலந்து ஏதோ சொன்னது, மிக மெதுவாக. கெட்ட செய்தியை அப்படித்தான் சொல்வார்கள். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு, தெரியாத ஊர்ச் சாமிகளுக்கும் ஒரு பொதுக் கும்பிடு போட்டேன்.

ஈரச் செருப்பு தரையில் இழுபடும் சத்தம். பிறகு இளைத்த, கொஞ்சம் கோபமான ஒரு கிழக்குரல்:

"நீ சொன்ன மாதிரியே தண்ணி கூடவேதான் நடந்தேன். கப்பலைத்தான் எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்."

"பேசாதீங்க. முதல்ல வாயைத் திறங்க" என்றார் அம்மா.

கைப்பையின் ஜிப் இழுக்கும் சத்தம். கிளாஸில் தண்ணீர் விழுந்தது. அவர் விழுங்கினார். ஒரு மனிதர் மாத்திரை விழுங்குவதை அவ்வளவு கவனமாக மூன்று பேர் வைட்ஃபீல்டில் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு அந்த அம்மாவின் குரல் உடைந்தது. சிரிக்கிறாரா, அழுகிறாரா, தெரியவில்லை.

"சாக்கு குரு" என்றார் டீம் லீடர். போதும், வை என்று அர்த்தம். என் கை பட்டனுக்குப் போயிற்று, ஆனால் கவனமெல்லாம் காதில் இருந்ததால் பக்கத்தில் இருந்த ஹோல்ட் பட்டனைத்தான் தொட்டது. அந்தப் பக்கம் இரண்டு பேருக்கும் பியானோ வாசிக்க ஆரம்பித்தது.