கையைப் பிடித்தால் பாடும் சுவர்

தம்பியின் மனைவி சைனிக்புரியிலிருந்து போன் செய்தாள். ஊரில் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன், பத்து நாளாவது கூட இருக்கவேண்டும். தம்பியைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா என்பதுதான் அவள் கவலை.

"நான் கேட்டா பதிலே வர மாட்டேங்கு, மதினி. நீங்க ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போயி, ஆளைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. போன்னு சொன்னா போறேன். வேண்டாம்னா இங்கனயே இருந்துக்கிடுதேன்."

அமெரிக்காவில் பேங்குகள் விழுந்ததற்கு அடுத்த வருஷம் அது. தம்பியின் கம்பெனியில் ஒரே நாளில் ஒரு மாடியையே காலி செய்தார்கள். அதில் அவனும் ஒருவன். ஐந்து மாதமாக வீட்டில் இருந்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், படுக்கச் சொன்னால் படுத்தான்.

அவனை எடைபோட என்னை விட்டதுதான் தப்பு. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்தவள், பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை. மெட்டுகுடாவில் வீட்டைப் பூட்டிவிட்டு நாச்சாரத்துக்கு மருந்துக் கம்பெனி பேக்கிங் வேலைக்குக் கிளம்பினால், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி நடப்பேன். ஒரு தடவைகூட அது திறந்திருந்ததில்லை.

அவனுக்கு வேலை போன முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். குளிக்கப் போனவன் முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. கூப்பிட்டால் சத்தமில்லை. நான் அலறியதில் எதிர் வீட்டு ரிட்டயர்டு சுபேதாரும் அவர் மகனும் ஓடிவந்து கதவை உடைத்துவிட்டார்கள். உள்ளே தம்பி தலையெல்லாம் சோப்பு நுரையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"எக்கா, என்னைய பைத்தியக்காரன்னு ஊருக்கே காட்டிட்டியே," என்றான். அவ்வளவுதான் சொன்னான். இனி அவன் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

பஞ்சாரா ஹில்ஸில் ஒரு பழைய பங்களாவில் கண்காட்சி நடப்பதாகவும் நுழைய டிக்கெட் இல்லை என்றும் தம்பி மனைவிதான் பேப்பரில் பார்த்துச் சொன்னாள். போனோம். எங்கே பார்த்தாலும் 'தயவுசெய்து தொடவும்' என்று மூன்று பாஷையில் எழுதி வைத்திருந்தது. தொடாதே என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன்.

"போட்டுக்கக்கா. இது கோயில் இல்ல," என்றான் தம்பி. அன்றைக்கு அவன் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

கடைசி அறையில் சுவரில் இரண்டு பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள். நடுவில் மூன்று ஆள் அகலம். ஆளுக்கு ஒரு தகட்டில் உள்ளங்கையை வைத்து, மற்றக் கையால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால் சுவர் பாடும். எங்களுக்கு முன்னால் நின்ற ஜோடி கையைக் கோத்ததும் வீணை மாதிரி எழும்பியது. அவர்கள் இறுக்க இறுக்க அது பெரிதாகி அறையே அதிர்ந்தது.

சுவரைக் கவனித்துக்கொள்ள அங்கே நின்ற பெண் எங்களைக் கூப்பிட்டாள்.

"நக்கோ பேட்டா, கரண்டு," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் வேண்டாமென்று சொல்லிப் பின்வாங்கினேன்.

சாதாரண பேட்டரிதான், ஒன்றும் செய்யாது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

"வாக்கா. ஷாக் அடிச்சா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான அடிக்கும்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். ஐந்து மாதத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு.

சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நீட்டினேன். சுவர் ஊமையாக இருந்தது. துணியை எடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். வயது வந்த பிறகு நானும் அவனும் கையைப் பிடித்துக்கொண்டதே கிடையாது. எங்கள் வீட்டில் அப்படி வழக்கமும் இல்லை. முந்தானையை உதறிவிட்டு வெறுங்கையால் பிடித்தேன்.

சுவரிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் இறுக்கினேன். நாள் பூராவும் அட்டைப்பெட்டி மடிக்கிற கை என்னுடையது. இருந்தும் சத்தம் கொஞ்சம்தான் ஏறியது.

"சார், நீங்களும் பிடிங்க சார்," என்றாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில்.

அவன் பிடிக்கவில்லை. உருவிக்கொள்ளவும் இல்லை. தூங்குகிறவனின் கையைத் தூக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, என் கைக்குள் கிடந்தது. முகத்தைப் பார்த்தேன். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாப் பிடில," என்றேன் மெதுவாக.

"பிடிச்சுட்டுத்தானக்கா இருக்கேன்."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். கையை எடுத்தேன். சுவர் அடங்கியது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தான். சாயந்திரம் அவன் மனைவி போன் செய்தாள்.

"எப்படி இருக்காவ, மதினி? போகட்டா?"

போகாதே என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? கையை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றா? உடைந்த கதவும் அவன் தலையில் இருந்த நுரையும் கண்முன் வந்தன. இதுவும் மூடிய காஸாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கான். சிரிக்கக்கூடச் செஞ்சான். நீ போயிட்டு வா. தினமும் நான் போயிப் பார்த்துக்கிடுதேன்."

வேலை முடிந்து தினமும் போனேன். ஆறாம் நாள் வீடு பூட்டியிருந்தது. சாவியைச் சுபேதார் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். திறந்து பார்த்தபோது செல்போன் மேஜைமேல் சார்ஜில் கிடந்தது. முந்தின நாள் நான் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. போலீஸ், ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாமோ போய்க் கேட்டோம். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

தம்பி மனைவி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. போன மாதம் வந்தவள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நெசமாவே சிரிச்சாவளா, மதினி?"

"சிரிச்சான்," என்றேன். அது பொய்யில்லை. கை விஷயத்தை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.