நேர்ந்துவிட்ட சேவலும் என் கோழிக் கொட்டகையும்

"…அதனாலதான் சொல்றேன் தங்கச்சி, சாமிக்கு விட்ட சேவலைப் புடிச்சு அடைச்சா, புடிச்ச கை வெளங்காமப் போயிரும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத!"

மலைமேல் இருக்கும் எங்கள் குண்டூர் நாட்டு அம்மன் கோயில் பூசாரியண்ணன் இப்படிச் சொன்ன அன்று காலையில் மட்டும் என் கொட்டகையில் பதினேழு கோழிகள் செத்துக் கிடந்தன.

போன ஆவணி மாதம் அது. நானூறு நாட்டுக்கோழி வளர்த்துச் சேந்தமங்கலம் வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தோம். வேறு பிழைப்பு இல்லை. நன்றாகத் தீனி தின்ற கோழி மறுநாள் கொண்டை கறுத்து விழுந்து கிடக்கும். பச்சைப் பச்சையாகக் கழிச்சல். குழி வெட்டி வெட்டி என் வீட்டுக்காரர் கையெல்லாம் கொப்புளம்.

"ஏனுங்க, நமக்கும் சேத்து ஒரு குழி வெட்டிரலாமுங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "கோழிக் காலரா. கிருமியால வர்றது. மருந்து தர்றேன். ஆனா அந்தச் சேவல் ஏன் உள்ள வந்து போகுது?"

அது நான் நேர்ந்துவிட்டது. முந்தின வருடம் ஊர்க் கோழிகள் செத்தபோது அது ஒன்றுதான் நோயில் விழுந்து எழுந்தது. அம்மன் காப்பாற்றினாள் என்று அவளுக்கே விட்டுவிட்டேன். விட்ட சேவலை எங்கள் ஊரில் யாரும் விரட்டமாட்டோம். நான் அதற்கும் மேலே போனேன். அதன் காலடி பட்டால் பண்ணை விளங்கும் என்று செவ்வாய்தோறும் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டேன். சேவலின் தாடி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதையும் அம்மன் போட்ட அடையாளம் என்றே நினைத்தேன்.

"அது பொழச்சிருச்சும்மா. ஆனா கிருமி அது உடம்ப விட்டுப் போகல. அத அடைக்காம மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்ல" என்றார் டாக்டரம்மா.

என் கையாலேயே கதவைத் திறந்து நோயை உள்ளே விட்டிருக்கிறேன். அடைத்தால் சாமி குற்றம். விட்டால் மிச்சமும் போகும். அதைக் கேட்கத்தான் பூசாரியண்ணனிடம் ஓடினேன். அவரும் கையை விரித்துவிட்டார்.

சன்னதியில் விழுந்தேன். "தாயே, உன் சேவலை நான் தொடமாட்டேன். நீயே வந்து கூட்டிக்கொண்டு போ." அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அப்போது இல்லை.

பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டன. மருந்தால் பிழைத்தவை இன்று முட்டையிடுகின்றன. இப்போதெல்லாம் மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் கொட்டகைக்குள் யாரும் நுழைய முடியாது. செவ்வாய்க்கிழமை விளக்கு மட்டும்தான் ஏற்றுகிறேன். உங்களில் யாரேனும் என்ன கேட்பது என்றே தெரியாமல் நின்றால், தெரியவில்லை என்றே அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குக் காது உண்டு.

இவ்வளவு எழுதியும் பூசாரியண்ணன் அன்று என்ன செய்தார் என்று சொல்லவில்லை பாருங்கள். நான் அழுததை அவர் சன்னதி வாசலில் நின்று கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் பின்னால் வேறு கோழி அண்டாத இடத்தில் ஒரு கூண்டைத் துடைத்து வைத்தார். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து கொட்டகைக்கு வந்தார். விளங்காமல் போகும் என்றாரே, அந்தக் கையையே நீட்டினார். "வா சாமி, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்று சேவலை வாரி எடுத்துக்கொண்டு கோயில் மேடேறினார்.