நான் நீக்கிய கைகள்

தோலைப் படம் எடுத்தால், கெட்ட தண்ணீரால் வந்த நோயா என்று சொல்லும் ஒரு செயலியை எங்கள் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தோம். படங்களைக் காட்டிக் காட்டிக் கணினியைப் பழக்குவது என் வேலை. எங்களிடம் இருந்ததெல்லாம் வெளிநாட்டுத் தோல். உள்ளூர்ப் படங்கள் வேண்டும் என்றார் மேலாளர். ஸ்ரீவராகத்தில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் ஆரியசாலைக் கடைவீதிக்குப் போனேன்.

மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் வரிசை அறைகள். எல்லாருக்கும் ஒரே கிணறு. மழை பெய்தால் சாக்கடை அதில் கசியும். ஓட்டலில் பாத்திரம் கழுவும் தென்காசிக்கார அக்கா ஒருவர்தான் அறை அறையாகப் போய் எனக்கு ஆட்களைக் கூட்டிவந்தார். கடைசியில் தன் கைகளையும் நீட்டினார். விரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது. படம் எடுத்தேன். செயலியில் பச்சை விழுந்தது.

“பச்சைன்னா என்ன மேடம்?”

“நோய் இல்லைன்னு அர்த்தம்க்கா.”

இது வெறும் சோதனைதான், டாக்டரைப் பாருங்கள் என்று சேர்த்துச் சொன்னேனா? சொன்னதாக நினைத்துக்கொள்ளப் பலமுறை முயன்றிருக்கிறேன்.

அந்தச் சந்தின் படங்களில் பெரும்பாலானவற்றைக் கணினி தவறாகவே படித்தது; நோய் இருந்தும் பச்சை காட்டியது. வெயிலிலும் வேலையிலும் கறுத்த தோலை அது பார்த்ததே இல்லை. கணினி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற முடிவை மறுநாள் கூட்டத்தில் காட்டவேண்டும். ‘மங்கலானவை’ என்று பெயரிட்டு அந்தப் படங்களை நீக்கினேன். ஒன்றுகூட மங்கலில்லை. கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன்.

மழைக்காலம் பாதி கடந்தபோது பழவங்காடியில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் துணி சுற்றியிருந்தது. அவர்தான் முதலில் சிரித்தார்.

“கைக்கு என்னக்கா?”

“புண்ணாயிட்டு. அன்னிக்கி ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கல்லா, அதான் ஆஸ்பத்திரிக்குப் போவல.”

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். துணியைப் பிரித்த டாக்டர், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மலையாளத்தில் அதட்டினார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார்.

“வேலைத் தெரக்காயிருந்து சாரே,” என்று வேலை நெருக்கடியைக் காரணம் சொன்னார்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இது வேற யாருக்காவது தெரியுமா?” என்றுதான் முதலில் கேட்டார். படங்களைத் திரும்பச் சேர்த்தோம், முடிவு சரிந்தது, வெளியீடு தள்ளிப்போனது. மாநகராட்சிக்கு நான் எழுதிய புகாரின்பேரில் கிணற்றை மூடி, லாரியில் தண்ணீர் விட்டார்கள். அக்காவின் புண் ஆற வெகுநாள் ஆனது. ஒரு நகம் கோணலாகவே வளர்ந்தது.

ஒரு மதியம் ஓட்டலின் பின்வாசலில் அவரைத் தேடிப் போனேன்.

“அன்னிக்கி டாக்டர்கிட்ட, தப்பு என் மேலன்னு நான் சொல்லியிருக்கணும்க்கா.”

“சொன்னா உங்களையும் ஏசியிருப்பாரு. ரெண்டு பேரும் ஏச்சு வாங்கி என்னத்துக்கு?” என்றவர், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். படங்களை நீக்கியதை அன்றும் சொல்லவில்லை. அவருடைய கைதான் முதலில் நீக்கிய படம் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.