கரடியும் சிவப்புச் சட்டையும்

வளைகுடா நாட்டில், அல் குசைஸில் நான் துப்புரவு வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் ஜப்பான் சாமான்களுக்கென்று தனியாக ஒரு பகுதி திறந்தார்கள். ஜப்பானில் எதை விற்பதற்கும் ஒரு பொம்மை வேண்டுமாம். தெருவில் போகிறவர்களுக்கு விளம்பரம் அச்சடித்த டிஷ்யூ பாக்கெட்டைச் சும்மா கொடுப்பார்களாம். அதே மாதிரி எங்கள் கடைக்கும் ஒரு வெள்ளைப் பூனை உடுப்பு வந்தது. சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டினார்.

“அண்ணே, பூனை பேசக் கூடாதாம். பேசாத ஆளு ஒங்கள விட்டா வேற இல்ல. யல்லா, சீக்கிரம் மாட்டுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பூனைத் தலையை மாட்டிக்கொண்ட பிறகு. வெளியே பார்க்கப் பூனையின் வாய்தான் வழி. ஒரு குழந்தை ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டபோது மாமா ஞாபகம் வந்தது.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. ஆளைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார். எங்கள் வீட்டுக்கே கொல்லைப் பக்கமாகத்தான் வருவார். அவருக்கு ஒரு சோப்பு கம்பெனியின் விளம்பர வேனில் வேலை. சந்தை நடக்கும் ஊர்களில் கரடி உடுப்புக்குள் ஆடி, சின்னச் சோப்பு வில்லைகளை இலவசமாகக் கொடுப்பார். சோப்புக்கும் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கரடி வேஷம் என்று தெரிந்ததும் இரண்டு இடத்தில் அவருக்குப் பெண் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் மூன்றாவது இடத்தில் அம்மா, “கம்பெனி உத்தியோகம்” என்று மட்டும் சொல்லி வைத்தாள். பெண்ணின் போட்டோ வந்தது. சின்னப் பையனான எனக்கு யாரும் காட்டவில்லை.

“கரடின்னு வாயத் தொறந்த, தோல உரிச்சுப்புடுவேன்” என்று அம்மா என்னை எச்சரித்தாள்.

அந்த வாரம் மாமா என்னை வேனில் கூட்டிப்போனார். ஏதோ ஒரு ஊர்ச் சந்தை. சோப்புக் கூடையோடு கரடியின் பக்கத்தில் நின்றேன். பூக்கடையில் நின்றிருந்த ஓர் அக்காவைப் பார்த்ததும் கரடிக்கு என்ன ஆனதோ, புழுதியில் குட்டிக்கரணம் போட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆளுக்கு ஒரு வில்லைதான் கணக்கு. கரடி அவளுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுத்தது.

பெண் பார்க்கப் போகும் நாளில் அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். மாமா என்னைத் தனியாக அழைத்து, “சந்தைக்கிப் போட்டு வந்தியே, அந்தச் செவப்புச் சட்டையப் போட்டுக்கடா” என்றார்.

காப்பித் தட்டோடு வந்தவள் அதே அக்கா. மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவர் என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்துவிட்டு, மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் சட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“தம்பி, ஒங்க கரடி வரலையா?”

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மாமா தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“வந்திருக்கு.”

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து சந்தையில் கேட்ட அதே சிரிப்பு கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். என் சட்டையால்தானே குட்டு வெளிப்பட்டது, இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். மாமா என் தலையைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா எனக்கு அத்தையாக வந்த பிறகும், அந்தச் சட்டையைப் போடச் சொன்னது யார் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.